மலையில் பல ரகக் கோழி வளர்ப்போருக்கு: எதை வைப்பது, எதை எப்போது கழிப்பது

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்ப்பவர்கள் பலரிடம் ஒரே ரகம் இருப்பதில்லை. சிறுவிடை என்னும் சின்ன உடம்பு நாட்டுக்கோழி நாலில் தொடங்குவார்கள். மேட்டுப்பாளையம் போன இடத்தில் கருங்கோழிக் குஞ்சு பத்து வாங்கி வருவார்கள். முட்டைக்கென்று கிராமப்பிரியா சேரும், சொந்தக்காரர் ஒருவர் பெரிய உடம்பு நாட்டு ரகமான பெருவிடைச் சேவல் ஒன்றைக் கொடுத்தனுப்புவார். அடுத்த மழைக்குள் கூடு நிறைந்துவிடும். சேவல்கள் விடியுமுன் கொத்திக்கொள்ளும், தரை ஈரம் காயாது, தீனி மூட்டை சீக்கிரம் காலியாகும், முட்டை மட்டும் குறைந்துகொண்டே வரும்.

அப்போதுதான் எதைக் கழிப்பது, அதாவது விற்றோ அறுத்தோ குறைப்பது, என்ற கேள்வி வரும். சமவெளிக்காக எழுதிய கையேடுகள் இங்கே பாதிதான் பொருந்தும். கால்நடை மருந்தகத்திலும், சந்தையிலும், பல வருடமாகக் கோழி வளர்க்கும் அக்கம்பக்கத்துப் பாட்டிமாரிடமும் துண்டு துண்டாகக் கேட்டுச் சேர்த்துத்தான் நான் ஒரு வழிக்கு வந்தேன். நீங்கள் அந்த அலைச்சல் படவேண்டாம் என்பதற்காக வரிசையாக எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோழியைக் குறைப்பதாக இருந்தால் மழைக்கு முன்னால் குறையுங்கள். மழை தொடங்கிய பிறகு நோய்தான் உங்களுக்காகக் குறைக்கும். எதைக் குறைக்கிறது என்று அது பார்க்காது.

1. நோட்டுப் போடுங்கள், காலில் வளையம் மாட்டுங்கள்

இரவு ஏழு மணிக்கு மேல், கோழிகள் பரணில் (கூட்டுக்குள் அவை ஏறி உறங்கும் கட்டை) அடங்கிய பிறகு எண்ணுங்கள். பகலில் எண்ணினால் தேயிலைச் செடிக்குள் இருப்பது விட்டுப்போகும். ரகம், சேவலா பெட்டையா, பொரிந்த மாதம், தடுப்பூசி போட்ட தேதி, எங்கிருந்து வாங்கியது ஆகிய ஐந்தும் நோட்டில் இருந்தால் போதும்.

பிளாஸ்டிக் கால் வளையம் கோழித் தீவனக் கடைகளில் கிடைக்கும், விலை அதிகமில்லை. ஒவ்வொரு ஈட்டுக் குஞ்சுக்கும் (ஒரே தடவையில் பொரிந்தவை ஒரு ஈடு) ஒரு நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த சிறுவிடைப் பெட்டைகளில் ஒரு வயதுக்கும் மூன்று வயதுக்கும் பார்வையில் பெரிய வித்தியாசம் தெரியாது. வளையம் இல்லாவிட்டால் நல்ல இளம்பெட்டையை விற்றுவிட்டுக் கிழட்டுக்கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருப்பீர்கள். குஞ்சுக்கு மாட்டிய வளையம் வளர வளரக் காலை இறுக்கும், மாதம் ஒருமுறை பார்த்து மாற்ற வேண்டும்.

யார் முட்டை எது என்பதையும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். கிராமப்பிரியா, ரோட் ஐலேண்ட் ரெட் போன்றவற்றின் முட்டை பெரிது, பழுப்பு நிறம். சிறுவிடை முட்டை சின்னது, வெளிர் நிறம். ஒரு மாதம் ரகவாரியாக எண்ணி எழுதினால் போதும், கூட்டில் யார் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாதி விளங்கிவிடும்.

2. எந்த ரகம் எதற்கு என்று தீர்மானியுங்கள்

எல்லா ரகமும் எல்லா வேலைக்கும் ஆகாது. ஒவ்வொன்றையும் எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாத ரகத்தைத்தான் முதலில் குறைக்க வேண்டும்.

சிறுவிடை அடை உட்காரும், குஞ்சை நன்றாகக் கூட்டிக்கொண்டு மேயும், குறைந்த தீனியில் பிழைக்கும். வருடத்துக்கு 60 முதல் 80 முட்டைதான். ஆனாலும் மலையில் இது இல்லாமல் கோழி வளர்ப்பது கஷ்டம். மின்சாரம் போய்ப்போய் வரும் ஊரில் இன்குபேட்டரை விட நல்ல அடைக்கோழி மேல் என்பது என் கருத்து. ஐந்தாறு நல்ல தாய்க்கோழிகளை எந்த விலைக்கும் விற்காதீர்கள்.

கிராமப்பிரியாவும் வனராஜாவும் ஐதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கியவை. கிராமப்பிரியா முட்டைக்கு; நன்றாகக் கவனித்தால் வருடத்துக்கு 200 வரை போகும். வனராஜா கறிக்கும் முட்டைக்கும் பொது. இரண்டும் அடை உட்காருவது அரிது. இவற்றின் முட்டையைச் சிறுவிடையின் கீழ் வைத்துக் குஞ்சு எடுக்கலாம், ஆனால் அந்தக் குஞ்சு தாயைப் போல முட்டையிடும் என்று நம்பாதீர்கள். இவை கலப்பு ரகங்கள், அடுத்த தலைமுறையில் குணம் சிதறிவிடும். ஒவ்வொரு முறையும் புதுக்குஞ்சு வாங்குவதுதான் வழி.

கருங்கோழி என்று நாம் சொல்லும் கடக்நாத் மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதிக்கு உரியது, 2018-இல் புவிசார் குறியீடு பெற்றது. நல்ல விலை போகும் என்று நிறையப் பேர் வாங்கினார்கள். வாங்க ஆள் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அடை உட்காருவதில் இதையும் நம்ப முடியாது.

அசில், பெருவிடைச் சேவல்கள் பார்வைக்குக் கம்பீரம். ஆனால் மூன்று கிலோவுக்கு மேல் உள்ள சேவல் ஒன்றேகால் கிலோ சிறுவிடை மேல் ஏறினால் பெட்டையின் முதுகுத் தோல் கிழியும். மழையில் அந்தப் புண் ஆறாது. ஒரே கூட்டில் இரண்டையும் வைக்கவே கூடாது.

கழுத்தில் இறகில்லாத கிராப்புக் கோழி வெப்பத்துக்கு ஏற்றது. ஊட்டியில் உறைபனி விழும் மாதங்களிலும் மேல்பழனி மலைக் குளிரிலும் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே அதற்குத் தீனி செலவாகும். கூடலூர், தாண்டிக்குடி போன்ற இதமான இடங்களில் வைத்துக்கொள்ளலாம். 2,000 மீட்டருக்கு மேலே இருப்பவர்கள் குறைக்க நினைத்தால் இதிலிருந்து தொடங்குங்கள்.

3. கூட்டை அளந்து தலைக்கணக்கை முடிவு செய்யுங்கள்

வளர்ந்த கோழி ஒன்றுக்கு 2 சதுர அடி என்பது ஆழ்கூளத்துக்கு, அதாவது தரையில் உமி, மரத்தூள் போன்ற கூளம் பரப்பி வளர்ப்பதற்கு, சொல்லும் கணக்கு. 10 அடிக்கு 6 அடி கொட்டகையில் அப்படிப் பார்த்தால் 30 கோழி. நான் 20-க்கு மேல் வைக்கச் சொல்லமாட்டேன். சமவெளியில் கோழி பகல் முழுக்க வெளியே மேயும், இரவுக்கு மட்டும் கூடு. இங்கே அடைமழை ஒரு வாரம் விடாமல் பெய்யும். அந்த வாரம் முழுக்கக் கோழிகள் உள்ளேதான். உங்கள் கணக்கு அந்த வாரத்துக்குத் தாங்க வேண்டும். பரணில் ஒரு கோழிக்கு முக்கால் அடி நீளம் விடுங்கள், அசிலுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். முட்டையிடும் பெட்டி ஐந்து பெட்டைக்கு ஒன்று போதும்.

குளிருக்குப் பயந்து தார்ப்பாயால் நாலு பக்கமும் அடைத்துவிடுகிறவர்கள் இங்கே அதிகம். வளர்ந்த கோழி குளிரைத் தாங்கும், ஈரத்தையும் எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா நெடியையும்தான் தாங்காது. காற்று நேராக அடிக்கும் பக்கத்தை மட்டும் அடையுங்கள், கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி திறந்தே இருக்கட்டும். காலையில் கதவைத் திறந்ததும் கோழியின் உயரத்துக்குக் குனிந்து மூச்சு விட்டுப் பாருங்கள். கண் எரிந்தால் கூளத்தைக் கிளறிக் காயவைக்க வேண்டும், அல்லது தலைகள் குறைய வேண்டும்.

உமியும் மரத்தூளும் கீழேயிருந்து வரவேண்டும், ஏற்றுக்கூலி சேர்ந்துவிடும். தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தின் சருகு இலவசமாகக் கிடைக்கும். ஆனால் நனைந்தால் பாய் போல ஒட்டிக்கொள்ளும். தனியாகப் போடாமல் உமியோடு பாதிக்குப் பாதி கலந்து போட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். ஈரக் கூளத்தில்தான் குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் வருகிறது.

4. தீனிக் கணக்கு

முட்டைக் கோழிக்கு நாளுக்கு 100 முதல் 120 கிராம், மேய்ந்து திரியும் சிறுவிடைக்கு அதைவிடக் குறைவு. கிலோ 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 100 கிராம் தின்னும் கோழிக்கு மாதம் 105 ரூபாய். விற்க வேண்டிய பத்துச் சேவலை, விலை ஏறட்டும் என்று மூன்று மாதம் வைத்திருந்தால் தீனி மட்டும் 3,150 ரூபாய். அந்த மூன்று மாதத்தில் அவை ஏறும் எடை பெரிதாக இருக்காது. உங்கள் கடை விலையைப் போட்டு இதே கணக்கை ஒருமுறை செய்து பாருங்கள், தயக்கம் தானாகப் போய்விடும்.

கேரட் தழை, முட்டைக்கோஸ் மேலிலை எல்லாம் மலையில் ஏராளமாகக் கிடைக்கும், கோழிக்கும் பிடிக்கும். மருந்து அடித்த தோட்டத்து இலையா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மருந்தோ களைக்கொல்லியோ அடிக்கும் நாட்களில் கோழியை வெளியே விடவேண்டாம்.

5. எந்த மாதம் கழிப்பது

மலை முழுவதற்கும் ஒரே நாட்காட்டி கிடையாது. கூடலூர், பந்தலூரில் ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும். கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் ஐப்பசி, கார்த்திகைதான் பெரிய மழை. ஊட்டிக்கு இரண்டும் உண்டு, அப்புறம் மார்கழி, தையில் உறைபனி.

கோத்தகிரி, கொடைக்கானல்காரர்கள் ஐப்பசிக்கு முன்னால் முடிக்க வேண்டும். ஆனால் அதற்கு முந்தைய மாதம் புரட்டாசி. பாதி வீடுகளில் அசைவம் கிடையாது, விலை விழுந்துவிடும். அதனால் உங்கள் கடைசி நாள் உண்மையில் ஆவணி முடிவு. அதைத் தாண்டினால் தீபாவளி வரை ஈரத்தில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். ஐந்தாறு நல்ல சேவலை மட்டும் தீபாவளிக்கென்று ஒதுக்கி வைப்பது நியாயம், மொத்தத்தையும் வைப்பது ஆபத்து.

இதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நாட்டுச் சேவல் விற்கும் எடைக்கு வர நாலைந்து மாதம், குளிரில் இன்னும் கொஞ்சம் கூடும். ஆவணியில் விற்க வேண்டுமென்றால் பங்குனியில் குஞ்சு பொரிய வேண்டும். அடை 21 நாள், ஆக மாசி கடைசியில் முட்டை வையுங்கள். மாசியும் பங்குனியும் மலையில் காய்ந்த, வெயில் உள்ள மாதங்கள் என்பதால் குஞ்சும் நன்றாகப் பிழைக்கும். ஐப்பசியில் ஒரு பெட்டை அடைக்கு உட்கார்ந்தால் முட்டை வைக்காமல் எழுப்பிவிடுங்கள். அந்த மழைக்குப் பொரியும் குஞ்சில் பாதி தேறினாலே அதிகம்.

கூடலூர்க்காரர்களுக்குச் சித்திரை, வைகாசியில் விற்பது நல்லது. மழைக்கு முன்னால் ஆகிவிடும், சீசன் நேரம் என்பதால் தங்கும் விடுதிகளும் நாட்டுக்கோழி தேடும். விலை விழும் மற்ற காலம் கார்த்திகை, மார்கழியில் ஐயப்பனுக்கு மாலை போடும் நாட்கள், கிறிஸ்தவர்கள் அதிகமுள்ள ஊர்களில் தவக்காலம். கிறிஸ்துமஸ், ரம்ஜான், பொங்கலை ஒட்டி விலை எழும்.

6. முதலில் சேவல்களைக் குறையுங்கள்

எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். கனத்த அசிலுக்கு ஐந்தாறு பெட்டைக்கு ஒன்று. குஞ்சு எடுக்காமல் முட்டை மட்டும் போதுமென்றால் சேவலே தேவையில்லை. ஆனால் மேய விடுகிற இடத்தில் பருந்தைப் பார்த்துக் குரல் கொடுக்க ஒன்று இருப்பது நல்லது.

எட்டிலிருந்து பத்து வாரத்தில் கொண்டை பெரிதாகிச் சிவப்பதை வைத்து விடலைச் சேவல்களைப் பிரிக்கலாம். அசிலுக்குக் கொண்டை சிறியது, அதனால் அடையாளம் தெரியாது. மூன்று, நான்கு மாதத்தில் கழுத்திலும் முதுகின் கடைசியிலும் நீண்டு கூர்மையான இறகு முளைக்கிறதா என்று பாருங்கள். பிரித்ததும் தனிக் கூட்டில் போட்டு வளருங்கள். பெட்டைகள் நிம்மதியாகத் தின்னும், நீங்களும் விற்பனைக்கு எத்தனை என்று தெளிவாக எண்ணலாம்.

வைத்துக்கொள்ளும் சேவலைக் கறி எடைக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். மழை வருடத்தை நோயில்லாமல் தாண்டியது, பெட்டைகளைக் கிழிக்காதது, மனிதர் மேல் பாயாதது எது என்று பாருங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் பாய்கிற சேவலுக்கு இரண்டாவது வாய்ப்பு வேண்டாம்.

ரகம் கலக்காமல் சுத்தமாகக் குஞ்சு வேண்டுமானால், மற்றச் சேவல்களிடமிருந்து பெட்டையைப் பிரித்து மூன்று வாரம் கழித்து வரும் முட்டையைத்தான் அடைக்கு வைக்க வேண்டும். பழைய சேவலின் வித்து அதுவரை பெட்டையின் உடலில் தங்கும்.

7. பெட்டையைக் கையில் பிடித்துப் பாருங்கள்

இதுதான் பழக வேண்டிய வேலை. இரவில் டார்ச் வெளிச்சத்தில், ஒவ்வொன்றாக மடியில் வைத்துப் பாருங்கள்.

ஆசனவாய்க்கு இரண்டு பக்கமும் கூராக இரண்டு எலும்பு கையில் தட்டுப்படும். முட்டையிடும் கோழிக்கு அவற்றுக்கு இடையில் இரண்டு, மூன்று விரல் நுழையும். இடாத கோழிக்கு ஒரு விரல்கூடச் சிரமம். சிறுவிடையின் உடம்பு சின்னது, அதற்கு இரண்டு விரல் போனாலே நல்ல கோழி என்று கொள்ளுங்கள். ஆசனவாய் அகலமாக, ஈரமாக இருந்தால் முட்டையிடுகிறது; சுருங்கி, உலர்ந்து, வட்டமாக இருந்தால் இல்லை. வயிறு மென்மையாக இருக்க வேண்டும். கொழுப்புக் கட்டிக் கெட்டியாக இருந்தால் தீனி முட்டையாக மாறவில்லை.

கையேடுகளில் கொண்டையின் சிவப்பையும் கால் நிறத்தையும் பார்க்கச் சொல்வார்கள். பல ரகம் வைத்திருப்பவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். மஞ்சள் கால் உள்ள ரகத்தில் முட்டையிட இட மஞ்சள் வெளுக்கும், ஆகவே வெளிறிய கால் நல்ல அடையாளம். கருங்கோழிக்குக் காலே கறுப்பு, கொண்டையும் கருஞ்சிவப்பு. இரண்டையும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கறுத்த கால் சிறுவிடைக்கும் இது பொருந்தாது. அசிலின் கொண்டை எப்போதுமே சிறியது. எல்லா ரகத்துக்கும் ஒன்றாகப் பொருந்துவது எலும்பும் வயிறும்தான். ஒரே அளவுகோலால் கூட்டம் முழுவதையும் அளந்தால் நல்ல கருங்கோழிகள்தான் முதலில் போகும்.

இன்னும் இரண்டு நிலைகளில் கோழியைக் கழித்துவிடாதீர்கள். அடை உட்கார்ந்த கோழிக்கும், குஞ்சோடு திரியும் கோழிக்கும் கொண்டை வெளிறியிருக்கும், எலும்பு நெருங்கியிருக்கும். அதேபோல இறகு உதிர்க்கும் கோழி இரண்டு, மூன்று மாதம் முட்டையிடாது. சீக்கிரமாக உதிர்க்கத் தொடங்கி நீண்ட நாள் அரைகுறையாகத் திரிவதுதான் சோம்பேறி. தாமதமாகத் தொடங்கி மளமளவென்று முடிப்பது நல்ல முட்டைக் கோழி. உதிர்ப்பு முடிந்து ஒரு மாதம் கழித்து மறுபடி பார்த்து முடிவெடுங்கள்.

முட்டை ரகங்களை முதல் ஒன்றரை வருட முட்டைக்குப் பிறகு மாற்றிவிடுவது லாபம். சிறுவிடைத் தாய்களை மூன்று வருடம் வைக்கலாம். வயது பாராமல் கழிக்க வேண்டியவை: தன் முட்டையைத் தானே கொத்திக் குடிப்பது, மற்றவற்றின் இறகைப் பிடுங்குவது, சளி வந்து தேறி மறுபடி மறுபடி மூச்சுக் கரகரப்பது. கடைசியாகச் சொன்னது மற்ற எல்லாவற்றுக்கும் பரப்பும். பாவம் பார்க்க மனம் வரும்தான், ஆனால் பார்க்க வேண்டியது மற்ற இருபதையும்.

8. விற்பனையும் காகிதங்களும்

உயிர்க்கோழியாகப் பக்கத்து வீட்டுக்கோ சந்தையிலோ விற்பதற்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவையில்லை. அறுத்துக் கறியாக விற்கத் தொடங்கினால் தேவை. நாளுக்கு 50 கோழிக்கு மேற்படாத சிறு வியாபாரத்துக்குப் பதிவு போதும், பெரிய உரிமம் வேண்டாம். நான் விசாரித்தபோது பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். ஆதாரும் புகைப்படமும் வைத்து இணையத்தில் விண்ணப்பிக்கலாம். நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் கடை வைப்பதானால் அங்கே தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவர்கள் நிர்வாகத்திடமும், வாடகை வீட்டுக்காரர்கள் வீட்டுச் சொந்தக்காரரிடமும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. நாற்றம், விடியற்காலைக் கூவல் இரண்டும்தான் புகாராக வரும்.

பழனி மலைக்காரர்களுக்கு வியாழக்கிழமை கூடும் அய்யலூர்ச் சந்தை தெரிந்திருக்கும், ஆட்டோடு நாட்டுக்கோழியும் நன்றாக விலை போகும். கீழே கொண்டுபோகும் செலவைக் கழித்துப் பார்த்தால் பத்துக் கோழிக்குக் குறைவாக இருந்தால் உள்ளூரில் கொடுப்பதே மேல். காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுபோகாதீர்கள். காற்றுப் போகும் கூடையில், மலையிறங்குமுன் தீனி குறைத்து, வெயிலுக்கு முன் கொண்டுபோங்கள்.

சமவெளியிலிருந்து குஞ்சு ஏற்றி வரும் வண்டி வெளியூர்ப் பதிவெண் என்றால் இ-பாஸ் (மலைக்கு வரும் வண்டிக்கான இணைய அனுமதிச்சீட்டு) எடுக்கச் சொல்லுங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது நடைமுறையில் இருக்கிறது, கட்டணம் இல்லை. சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு கைபேசியில் சிக்னல் தேடினால் வண்டிக்குள் குஞ்சுதான் வாடும். கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் நாடுகாணி, பாட்டவயல், தாளூர் வழியாகக் கோழி கொண்டுவரத் தடை போடுவார்கள். அந்த நேரத்தில் எல்லை தாண்டி எதையும் வாங்க வேண்டாம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

அசில் சேவலுக்கு ஆள் தேடி வந்து பெரிய விலை சொன்னால் எதற்கு என்று கேளுங்கள். சண்டைக்கு விடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வளர்த்த சேவலைக் கத்தி கட்டுவதற்குக் கொடுக்காதீர்கள்.

அரசு மானியத்தில் குஞ்சு வாங்க நினைப்பவர்கள் ஆதார், வங்கிப் புத்தக நகல், குடும்ப அட்டை, பண்ணைத் திட்டம் என்றால் சிட்டா, அடங்கல் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். அறிவிப்பு வந்து விண்ணப்பிக்கக் கொடுக்கும் நாட்கள் குறைவு. உள்ளூர்க் கால்நடை உதவி மருத்துவரிடம் பெயர் சொல்லி வைத்தால் தகவல் வரும்.

9. வீட்டில் அறுப்பதும் கழிவும்

முந்தைய இரவிலிருந்து தீனி நிறுத்தி, தண்ணீர் மட்டும் வையுங்கள். குடல் காலியாக இருக்கும், கறி சுத்தமாக வரும். மற்றக் கோழிகள் பார்க்காத இடத்தில், கூர்மையான கத்தியால், ஒரே வீச்சில் முடியுங்கள். இறகு பிடுங்கக் கொதிநீர் வேண்டாம், கை சுடும் அளவு, 60 டிகிரியைத் தாண்டிய நீரில் ஒரு நிமிடம் முக்கினால் போதும். பிறகு மஞ்சள் பூசித் தீயில் வாட்டலாம். மலை உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுவதால் கிழட்டுக்கோழி சட்டியில் வேகவே வேகாது, குக்கரில் வையுங்கள். மருந்து கொடுத்த கோழியை மருத்துவர் சொன்ன நாள் கணக்கு முடியும்வரை அறுக்கக் கூடாது.

குடலையும் இறகையும் ஓடையிலோ சாலையோரத்திலோ போடாதீர்கள். சிறுத்தை, நரி, கரடி எல்லாம் ஊருக்குள் வரப் பழகுவது இப்படித்தான். முதலில் நாய் போகும், பிறகு உங்கள் கூடு. மூன்றடிக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவி மூடி, மேலே கல் வையுங்கள். கல் இல்லாவிட்டால் காட்டுப்பன்றி தோண்டிவிடும்.

கூட்டுக்கு மெல்லிய கோழி வலை போதாது. கீரி, மரநாய், காட்டுப்பூனை கிழித்துவிடும். வெல்டு மெஷ் என்னும் பற்றவைத்த கம்பி வலை அடித்து, இருட்டுமுன் கதவைப் பூட்டுங்கள். சுருக்குக் கம்பியோ மின்கம்பியோ வைக்காதீர்கள். அது வனவிலங்குக் குற்றம், உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் ஆபத்து. சோலையோரம் சாம்பல் காட்டுக்கோழி முட்டை கிடைத்தாலும் எடுத்து அடை வைக்காதீர்கள், அதுவும் சட்டம் பாதுகாக்கும் பறவை.

10. குறைத்த பிறகு மறுபடி நிரப்பும் முன்

கூடு காலியானதும் பழைய கூளம் முழுவதையும் வாரிச் சுண்ணாம்பு அடித்து, இரண்டு வாரம் வெயில் படவிடுங்கள். காய்கறித் தோட்டக்காரர்கள் கோழி எருவைக் காசு கொடுத்தே எடுத்துக்கொள்வார்கள். நன்றாக மக்கியதைக் கொடுங்கள்.

புதிதாக வரும் எந்தக் கோழியையும் மூன்று வாரம் தனியாக வையுங்கள். சந்தைக் கோழி என்றால் கண்டிப்பாக. கடைசியாக அதற்குத் தீனி போடுங்கள், போட்டுவிட்டு நேராகப் பழைய கூட்டுக்குள் போகாதீர்கள்.

வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்குக் குஞ்சின் முதல் வாரத்தில் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு, எட்டு வாரத்துக்கு மேல் இறக்கையில் ஊசி. அரசு மருந்தகங்கள் பெரும்பாலும் பிப்ரவரியில் இருவார முகாம் நடத்தி இலவசமாகப் போடும். அதைத் தவறவிட்டுச் சொந்தமாக வாங்கினால் ஒரு குப்பியில் 100 கோழிக்கு மேல் போடும் மருந்து இருக்கும். கலந்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மீதியை எடுத்து வைக்க முடியாது. நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே மாலையில் போட்டுக்கொண்டால் செலவும் பங்காகும், பக்கத்துக் கூட்டிலிருந்து நோய் வரும் பயமும் குறையும். கடையிலிருந்து வீடு வரை பனிக்கட்டி வைத்த பிளாஸ்கில் கொண்டுவர வேண்டும். தடுப்பூசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். சோர்ந்து நிற்கும் கோழிக்கு ஊசி போடாதீர்கள்.

ஒரே நாளில் பல கோழி செத்து விழுந்தால் அறுக்கவோ விற்கவோ வேண்டாம், கையுறை இல்லாமல் தொடவும் வேண்டாம். 1962 என்ற கால்நடை உதவி எண்ணை அழையுங்கள், அல்லது நேராக மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். பார்க்க வருபவரிடம் நோட்டைக் காட்டுங்கள். எந்த ஈடு, எப்போது ஊசி, எங்கிருந்து வாங்கியது என்று அவர் கேட்கும் மூன்றுக்கும் பதில் அதில் இருக்கும்.